ஆறியிருந்த டப்பா

டப்பாவைக் கையில் வாங்கியதுமே லேப்காரம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. உள்ளறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஆள் நீட்டியது. கதகதப்பாக அல்லவா இருக்க வேண்டும்? ஆறிப்போயிருந்தது. சாய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடியது. புதிதாக எடுத்த விந்து கொழகொழவென்று கெட்டியாக இருக்கும், இளகக் கால் மணி நேரமாவது பிடிக்கும். இவன் உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சிந்தாம முழுசும் டப்பாவுல விழுந்துச்சா சார்?" வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான்.

"என்னுதுதாங்க! வேற யாருதா இருக்கும்?"

யாருடையது என்று அவள் கேட்கவே இல்லையே!

ஆள் கிரேன் ஓட்டுபவன். மூன்று வாரத்துக்கு முன் இதே லேபில் சோதித்ததில் ஓர் உயிரணுகூட இல்லை. ஒரு சோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது என்று டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார். இன்று மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், ஈசல் கூட்டமாக மொய்க்கின்றன.

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் அவன் மனைவி. ரத்தம் எடுத்து எடுத்து முழங்கையின் உட்புறம் நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் அவனுடைய கூட்டாளி, இரண்டு பிள்ளைக்காரன். லேப்காரம்மாவின் தலையைக் கண்டதும் சட்டென்று செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். டப்பாவில் இருப்பது இந்தக் கூட்டாளியுடையதாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணும் இதற்கு உடந்தையோ?

அவளே எழுந்து வந்தாள். "அவருக்கு இந்தத் தடவையும் நல்லா வந்துருக்கா மேடம்? அப்படின்னா குறை என்கிட்டதானாம். அடுத்த வாரம் வயித்துல ஓட்டை போட்டுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

லேப்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. உடந்தை இல்லை. இந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால் கத்தி இவள் வயிற்றில்தான் விழும்.

கிரேன்காரனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சார், இது உங்களுது இல்ல."

முதலில் எகிறினான். மேலே புகார் கொடுப்பேன் என்றான். அவள் டப்பாவை அவன் கையில் வைத்து, "சூடா இருக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டான்.

"பூஜ்யம்னு வீட்டுல எப்படிங்க போய்ச் சொல்றது? போன தடவையே ரிப்போர்ட் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

"நாலு நாள் கழிச்சு வாங்க. கூட்டாளி வேணாம்."

வருவானா என்று அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மனைவியோடு வந்தான். டப்பா கொடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. கொஞ்சம்தான் இருந்தது, ஆனால் சூடு இருந்தது. முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. மீதியை மெஷினில் சுற்றவிட்டு, அடியில் படிந்ததை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாள். மூன்று தென்பட்டன. ஒன்று வாலை ஆட்டியது.

இப்போது தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முந்தைய ஆளுடையது ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ? புது ஸ்லைடு, புது டிராப்பர். மறுபடியும் இரண்டு. ஒன்று அசைந்தது. அதன் பிறகே எழுதினாள்.

"கொஞ்சமாத்தான் இருக்கு சார். ஆனா இருக்கு. இதை வச்சே டாக்டர் வழி சொல்லுவாங்க."

தாளை வாங்கியவன் நேரே மனைவியிடம் போனான்.

"உனக்கு இப்ப ஆபரேஷன் வேணாம். குறை என்கிட்டதான்."

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று லேப்காரம்மா நினைத்தாள். அழவில்லை.

"முதல்ல நல்லாருக்குன்னீங்களே, அது?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் வா."

"இங்கயே சொல்லுங்க."

பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கூட்டாளியைக் கூட்டிவந்த கதையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.