செவ்வாய்க்கிழமைப் பாடம்

மலேசியாவில் பெம்பான் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, செவ்வாய்தோறும் காலை பத்து நாற்பதுக்கு இனப்பெருக்க நலம் பற்றிப் பாடம் நடத்தியது. குரல் உஷாந்தி டீச்சருடையது. அவரோ அந்நேரம் ஏழு கிலோமீட்டர் தள்ளி, இடைநிலைப்பள்ளியில் பதினேழு வயதினரின் ஐந்தாம் படிவ வகுப்பில் நின்றிருப்பார். அந்த அத்தியாயத்தைப் பக்கத்து வகுப்புக்குக் கேட்காமல் வாசிக்கும்படி பெற்றோர் மனுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் கையெழுத்து, தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் கருப்பாயியுடையது. டீச்சரும் ஆண்டுக்கு ஆண்டு குரலைத் தணித்தார். நான்காம் ஆண்டில் வகுப்பில் அவர் உதடு மட்டுமே அசைந்தது. குரல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. பள்ளியில் மலாயில் சொன்னது கோயிலில் தமிழாக வந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

கோயில் தலைவர் சாமிக்கண்ணு வயரைப் பிடுங்கினார். பிறகு ஒலிபெருக்கியையே இறக்கி ஸ்டோரில் பூட்டினார். அங்கிருந்தும் தெளிவாகப் பேசியது.

“பொம்பளைங்கள்லாம் காதப் பொத்துங்க லா!” என்று கத்தினார்.

“ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டா உதிரிப்பழத்த யாருண்ணே பொறுக்குறது? நீங்க வர்றீங்களா?” என்றாள் கருப்பாயி. கோயிலை ஒட்டிய செம்பனை வரிசை முழுக்கச் சிரிப்பு.

மூன்றாம் வாரம் அவள் சிரிக்கவில்லை. குரல் பால்வினை நோயின் அறிகுறிகளை அடுக்கியது: சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள கசிவு. குணப்படுத்தலாம், மறைத்தால் பின்னாளில் பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம் என்றது குரல். கருப்பாயி சாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மகள் தேவிஸ்ரீ, பதினேழு வயது, அன்றும் பள்ளிக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்தாள்.

“வலிக்குதாடி?”

“ஒங்களுக்கும் கேட்டுச்சாம்மா?”

“செருப்பப் போடு. கிளினிக் போவோம்.”

இன்னும் நேரமிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு வார மாத்திரை. அவளோடு பழகிய பையனும் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும். பையன் சாமிக்கண்ணுவின் இளைய மகன் என்று தேவிஸ்ரீ வழியில் சொன்னாள். கருப்பாயி கோயிலுக்கே போய் அதைச் சொன்னாள்.

சாமிக்கண்ணு ஸ்டோர்ப் பக்கம் பார்த்தார். “அது பேரச் சொல்லிருச்சா?”

“இல்லண்ணே. நான்தான் சொல்றேன்.”

மறுநாள் மகனை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

தேவிஸ்ரீ தேறினாள். ஸ்டோரில் கிடந்தால் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை என்று சாமிக்கண்ணுவே ஒலிபெருக்கியைக் கம்பத்தில் ஏற்றினார். செவ்வாய் அபிஷேகம் பதினொன்றரைக்குத் தள்ளிப்போனது. அடுத்த பள்ளித் தவணையிலிருந்து, பாடம் கேட்க ஐந்தாம் படிவ மாணவர்களைப் பள்ளி பஸ் பத்தரைக்குத் தோட்டத் திடலில் கொண்டுவந்து இறக்கியது. உஷாந்தி டீச்சர் ஆளில்லாத வகுப்பில் நின்று பாடம் நடத்தினார்.