இடமிருந்து மூன்றாவது ஆள்

வாசலில் ஆவணக் காப்பகம் என்று பலகை தொங்கினாலும் கல்லூரியில் எல்லோருக்கும் அது பெட்டி ரூம்தான். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பெட்டியம்மா. ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் முதல்வரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெட்டியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாக அட்டைப் பெட்டிகளோடு குடும்பம் நடத்துகிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

அந்தப் பெட்டிகளுக்குள் கல்லூரியின் எழுபத்தைந்து வருடம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய பாடத்திட்டங்கள், விளையாட்டு விழா அழைப்பிதழ்கள், விடுதிச் சாப்பாட்டைத் திட்டி மாணவர்கள் எழுதிய மனுக்கள். எந்த வருடத்து மனுவை எடுத்தாலும் அதே புலம்பல்தான், கையெழுத்து மட்டும்தான் வேறு. ஆனால் பெட்டியம்மாவுக்கு உயிர், படிக்கட்டுப் படங்கள்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழா அன்று முகப்புப் படிக்கட்டில் எடுக்கிற முதல் படம் ஊழியர்களுடையது. சமையல்காரர், தோட்டக்காரர், மணி அடிப்பவர், ஆய்வுக்கூட உதவியாளர் எல்லோரும் நின்று எடுத்து முடித்த பிறகுதான் முதல்வருக்கே முறை வரும். இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யாரென்று எந்தத் தாளிலும் இல்லை. இடையில் வந்த ஒரு முதல்வர் வரிசையை மாற்றப் பார்த்தாராம். மாணவர்களே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு என்ன கண்காட்சி வைக்கலாம் என்று கேட்டபோது பெட்டியம்மா யோசிக்கவே இல்லை. இந்தப் படங்களை நடைக்கூடம் முழுக்க மாட்டுங்கள், கல்லூரி எப்பேர்ப்பட்ட இடம் என்று பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

போன வருடம் அந்தப் படங்களைத் தேடி ஒருவர் வந்தார். பஸ் ஓட்டுநர், ஐம்பது வயது. அவருடைய அப்பா இதே கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர். ஓட்டுநர் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வீட்டிலிருந்த இரண்டு மூன்று படங்களையும் அவர் பிறந்த வருடமே ஒரு வெள்ளம் கொண்டுபோயிற்று. "எங்க அப்பா எப்படி இருப்பாருன்னே எனக்குத் தெரியாது மேடம்" என்று ஓட்டுநர் சொன்னதும் பெட்டியம்மா பதிவேட்டை எடுத்தார்.

ஓட்டுநரின் அப்பா நின்ற வருடத்துப் படத்தின் பிரதி எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. பிலிம் மட்டும் பத்திரமாக இருந்தது. பதிவேட்டில், இடமிருந்து வலமாக என்று எழுதி, ஒன்பது பேர் பெயரும் இருந்தன. மூன்றாவது பெயர் ஓட்டுநருடைய அப்பாவுடையது. பெட்டியம்மா பிலிமைத் தன் கையாலேயே ஸ்கேன் செய்து, மூன்றாவது ஆளின் முகத்தைப் பெரிதாக்கி ஒரு படம், ஒன்பது பேரும் இருக்கிற மாதிரி இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். கூடவே பெட்டியம்மாவும் அழுதார். தான் பார்க்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அன்றைக்கு அவருக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த பஸ் கல்லூரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு ஹாரன் அடிக்கும். பெட்டி ரூம் ஜன்னல் வரை கேட்கும். இது தனக்கு வைக்கிற வணக்கம் என்று தெரிந்து பெட்டியம்மா உள்ளுக்குள் பூரித்துப்போவார். கதையைக் கேள்விப்பட்ட முதல்வர், கண்காட்சியை ஓட்டுநரே திறந்து வைக்கட்டும் என்றார். அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலிலேயே வைப்பதாக முடிவாயிற்று. நாள், வெள்ளிக்கிழமை.

செவ்வாய் சாயங்காலம் பெட்டியம்மா அந்தப் படத்தின் மாதிரிப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். பெட்டியம்மாவின் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மனிதருக்கு உலகத்தில் முகங்களே கிடையாது, காலரும் கைமடிப்பும்தான். மேசையில் விரித்து வைத்திருந்த படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க காலேஜுக்குச் சட்டை தெச்சுக் குடுத்தவன் எவன்?"

"ஏங்க, நான் எவ்வளவு பெரிய விஷயத்தக் காட்டிட்டு இருக்கேன், நீங்க சட்டையப் பத்திக் கேக்கிறீங்க."

"ஒன்பது பேருக்கும் வலது பக்கமா பாக்கெட் வெச்சிருக்கான். பட்டனும் பக்கம் மாறியிருக்கு. ஒருத்தன் தெரியாம தெச்சான்னா சரி. ஒன்பது சட்டையுமா?"

பெட்டியம்மா குனிந்து பார்த்தார். ஒன்பது பாக்கெட்டையும் விரல் வைத்து எண்ணினார்.

மறுநாள் காலையில் அறையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பிலிமை எடுத்தார். பிலிமுக்கு இரண்டு முகம். ஒன்று மினுமினுக்கும், ஒன்று மங்கலாக இருக்கும். மங்கலான பக்கம் மேலே இருக்கும்படிதான் ஸ்கேனரில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவரே பெட்டியம்மாதான். அவர் காலத்தில் ஆயிரம் பிலிம்களை ஒழுங்காக வைத்த கை, போயும் போயும் அந்த ஒன்றைத்தான் புரட்டி வைத்திருக்கிறது. படிக்கட்டும் இரண்டு பக்கத் தூணும் அச்சாக ஒரே மாதிரி, அதனால் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரியாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்தார். ஒன்பது பாக்கெட்டும் சமர்த்தாக இடது பக்கம் வந்து உட்கார்ந்தன. மூன்றாவது ஆளாக வேறொருவர் நின்றார். நடுவில் நின்ற சமையல்காரர் ஒருவர்தான் இந்தக் கூத்தில் தப்பித்தவர்.

ஆக, ஒரு வருடமாக ஓட்டுநர் அப்பா என்று மாட்டி வைத்திருப்பது பதிவேட்டில் ஏழாவது பெயராக இருந்த கல்லூரித் தோட்டக்காரரை.

வெளியே இரண்டு ஹாரன் கேட்டது. பெட்டியம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது கணவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "அவங்க வீட்ல யாருக்கும் தெரியாது. நீ சொல்லாட்டி அந்த மனுஷன் சந்தோஷமா இருந்துட்டுப் போவாரு. எதுக்கு இப்பக் கிளறணும்?"

ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை மட்டும் கண்காட்சியில் வைக்காமல் விட்டுவிட்டால் போதும். முதல்வரிடம் பிலிம் கெட்டுப்போச்சு என்று ஒரு பொய். பெட்டியம்மா சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் வைத்து, தட்டை நகர்த்தினார்.

"மூடி வெக்கிறதுதான் வேலைன்னா அதுக்குப் பூட்டே போதுங்க. நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கணவர் சொன்னதில் தவறில்லை என்று தெரிந்ததாலேயே அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஓட்டுநர் வீடு இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. எண்பதை நெருங்குகிற வயது, ஒல்லியான உடம்பு, பளிச்சென்ற கண். "வாம்மா, வா. அவன் டூட்டி முடிஞ்சு வர்ற நேரம்தான்" என்று உட்கார வைத்தார். எதிர்ச் சுவரில், நல்ல சட்டம் போட்டு, தோட்டக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியம்மாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்தே போயிற்று. பையிலிருந்து புதுப் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு..."

அந்த அம்மா படத்தைக் கிட்டே இழுத்தார். தேடவே இல்லை. விரல் நேராகப் போய் மூன்றாவது ஆள் மேல் நின்றது.

"வகிடு இப்ப சரியா இருக்கு" என்றார்.

பெட்டியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"முன்ன குடுத்த ஒன்பது பேர் படத்துல வகிடு வேற பக்கம் இருந்துச்சும்மா. போட்டோவுக்காக மாத்திச் சீவிட்டாரு போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அந்த மனுஷன் அப்படியெல்லாம் செய்யக்கூடிய ஆளுதான்." முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்துபோயிற்று.

"அப்ப... சுவத்துல இருக்கிறது அவரு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பொண்டாட்டிக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்." எழுந்து போய்ப் பீரோவிலிருந்து, புடவை மடிப்புக்குள்ளிருந்து, ஒன்பது பேர் படத்தை எடுத்து வந்தார். வலது ஓரத்திலிருந்து மூன்றாவது ஆளிருந்த இடம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. "ஆனா அவன், 'அம்மா, அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே உள்ள வந்தான். அப்பான்னு அவன் வாயால கூப்பிட்டு அன்னைக்குத்தான் கேட்டேன். இவரு இல்லடான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவனுக்கு ஒரு அப்பா கெடச்சாரு, எனக்கு என் புருஷன் கெடச்சாரு. ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்ல, அவ்வளவுதான். போகட்டும்னு விட்டுட்டேன்."

பெட்டியம்மா அழ ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எதுக்கும்மா அழற? ஐம்பது வருஷம் கழிச்சு எனக்கு அந்த முகத்தக் காட்டினது நீதானே. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

படியில் காலடி கேட்டது. ஓட்டுநர் சீருடையோடு உள்ளே வந்தார். பெட்டியம்மாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "மேடம்! வெள்ளிக்கிழமைக்குப் புதுச் சட்டைகூட எடுத்துட்டேன்" என்றார்.

இதை அம்மா தலையில் கட்டக் கூடாது என்று பெட்டியம்மாவுக்குப் பட்டது. எழுந்து நின்றுகொண்டார். பிலிம், மங்கலான பக்கம், பாக்கெட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "தப்பு என்னோடது. அந்தப் படத்துல இருக்கிறது உங்க அப்பா இல்ல. மன்னிச்சுக்கோங்க."

ஓட்டுநரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா புதுப் படத்தை நீட்டி, விரல் வைத்துக் காட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெகுநேரம் முதுகுதான் தெரிந்தது. பெட்டியம்மா கூப்பிடலாமா வேண்டாமா என்று தவித்தார். அந்த அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார் திரும்பாமலேயே.

"நீ தெனமும் அந்தப் படத்தப் பார்த்து, போயிட்டு வர்றேன்ப்பான்னு சொல்லிட்டுப் போனியேடா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கோபப்படணும்னு பாக்கிறேன் மேடம், வரமாட்டேங்குது. நீங்க சொல்லாம இருந்திருந்தா சாகிற வரைக்கும் இவருதான் எங்க அப்பான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. வீடு தேடி வந்து சொன்னீங்களே, ரொம்ப நன்றி." பிறகு, "வெள்ளிக்கிழமை அம்மாவும் வருவாங்க. அவங்களே திறந்து வெக்கட்டும். அப்பாவ அடையாளம் தெரிஞ்சது அவங்களுக்குத்தானே" என்றார்.

பெட்டியம்மா தலையாட்டினார். ஓட்டுநர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு யாரு மேடம்?"

"காலேஜ் தோட்டக்காரர். பேரு பதிவேட்ல இருக்கு."

"பிள்ளைங்க இருப்பாங்களா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டு வரல."

அவர் நாற்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மூலையில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் சுரண்டினார். இரண்டு கையாலும் பெட்டியம்மாவிடம் நீட்டினார்.

"யாராவது தேடி வந்தா இத அப்படியே குடுத்துடுங்க. ஒரு வருஷம் எங்க வீட்ல அப்பாவா இருந்தாருன்னு சொல்லுங்க. நல்லா பார்த்துக்கிட்டோம்னு சொல்லுங்க."