அஜந்தாவின் படலை

வாசலில் நிஸ்றா மிஸ்ஸின் ஸ்கூட்டி வந்து நின்றதும், பந்தலுக்குள் இருந்த கோணாமலை மாமா ஓடிப்போய்ப் படலைக் கதவை மறித்தார்.

“இது செத்த வீடு, மிஸ். ஆஸ்பத்திரி ஆக்களுக்கு இஞ்ச என்ன வேலை? உங்கட குளிசைதான் அவன்ட நெஞ்ச அடைச்சது.”

தம்பி ரதீஸின் உடலுக்குத் தலைமாட்டில் இருந்த கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை கொன்றதாம்.

ரதீஸ் ஒருதரம் உயிரை விடப் பார்த்து, தப்பி, வார்ட்டிலிருந்து வந்த பிறகு அவனை வீட்டுக்கு வந்து பார்க்கிற வேலை மனநலப் பிரிவுத் தாதி நிஸ்றாவுடையது. அவளும் வெயில், மழை பாராமல் வந்தாள். வந்த நேரமெல்லாம் மாமா இதே படலையில் நின்று, “அவன் வட்டைக்குப் போயிட்டான்” என்றார். அறுவடை முடிந்து வயல்வட்டையில் மாடு மேய்கிற காலம். ரதீஸோ அறைக்குள் இருந்தான். ஒருநாள் மிஸ்ஸின் குரல் கேட்டு எழும்பிக்கூட வந்தான். “அம்மன் சடங்கு முடியட்டும், மறுகா பாப்பம். ஊர் என்ன கதைக்கும்?” என்று மாமாதான் உள்ளே அனுப்பினார். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் அல்லவா, குடும்பத்தின் மானம் அவர் கையில்தானே இருக்கிறது! இப்போது வருகிறவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அவரப் பாக்கத்தான் நீங்க விடல்லயே ஐயா,” என்றாள் நிஸ்றா. “நான் அஜந்தாவப் பாக்க வந்தன்.”

ரதீஸின் மனைவி அஜந்தா நேற்றிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. காலையில் மட்டும், “மச்சாள், நானும் அவரோட போறன்,” என்றாள், கடைக்குப் போகிறவளைப் போல. புருசன் செத்தால் எல்லாரும் சொல்வதுதான் என்றார்கள் பெண்கள். கண்ணகை போனை எடுத்து மிஸ்ஸைக் கூப்பிட்டாள்.

இப்போது கண்ணகை எழும்பிப் படலைக்கு வந்தாள்.

“கைய எடுங்க, மாமா.”

“சனம் பாக்குது, புள்ள.”

“பாக்கட்டும். இது அஜந்தாட சீதன வீடு. உங்கடயுமில்ல, என்டயுமில்ல. ஆரு வாற, ஆரு போறயெண்டு அவள்தான் சொல்லணும். தம்பி மாரடைப்பில சாகல்ல. மிஸ்ஸ நாந்தான் வரச் சொன்னன்.”

மாமா யாரையும் பார்க்காமல் கையை எடுத்தார்.

“அஜந்தா, மிஸ் வந்திருக்கா. வரட்டுமா?” என்று கண்ணகை அறை வாசலில் நின்று கேட்டாள்.

அஜந்தா நிமிரவில்லை. இன்னொருவர் உட்காரும் அளவுக்குப் பாயில் தள்ளி இடம்விட்டாள்.