ஐம்பத்துநான்காம் எண் சட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். பெயர் டாம்சின் என்றாள். அணி தொடங்கி எழுபத்தைந்து ஆண்டு ஆகிறது, மைதானத்தின் கிழக்கு வாசலில் வெண்கலச் சுவர் எழுப்புகிறார்கள், ஒரே ஓர் ஆட்டம் ஆடியவன் பெயர்கூட அதில் இருக்கும், ஒரு சட்டை எண்ணுக்கு ஒரு பலகை என்று ஒப்பித்தாள்.

"ஐம்பத்தி நாலாம் நம்பர்ல உங்களையும் சேர்த்து ஏழு பேர் வர்றாங்க மிஸ்டர் ஹுடாக். உங்களுக்கு மூணு ஆட்டம். சரிதானே?"

"சரிதான்," என்றான் வெர்ன் ஹுடாக்.

"ஒரே ஒரு சிக்கல் சார். ஸ்ட்ரைக் நேரத்துல ஆடினவங்க பேரைப் போடுறதா இருந்தா, அந்த நம்பரோட சொந்தக்காரர் எழுத்துல சம்மதம் தரணுமாம். பழைய ஆட்டக்காரங்க சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. உங்களுக்கு மிஸ்டர் பிரானிகன் கையெழுத்து வேணும். அடுத்த திங்களுக்குள்ள கிடைக்குமா?"

"வாங்கிடுறேன்," என்றான் வெர்ன்.

மேசைக்கு எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "எவன்கிட்ட? பிரானிகன்கிட்டயா? போய் நிக்கப் போறியா அவன் முன்னாடி?"

"பேரு வரணும் டோரீன்."

"வந்து?"

வந்தால் போதும் அவனுக்கு.

அறுபது வயது. டர்ன்பைக் சாலையின் சுங்கச் சாவடிக் கூண்டில் இருபத்தொன்பது ஆண்டு உட்கார்ந்து எழுந்தவன். அதற்கு முன்னால் அவன் என்ன செய்தான் என்பது கிழக்கு டொலீடோவில் எல்லோருக்கும் தெரியும். எண்பத்தேழில் லீக் முழுக்க ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. முன்பு கழித்துவிட்ட ஆட்களைக் கூப்பிட்டு, வாசலில் நிற்பவர்களின் எண்களையே முதுகில் மாட்டிவிட்டு, மூன்று வாரம் ஆட வைத்தார்கள். வெர்ன் அந்த ஆகஸ்டில்தான் பயிற்சி முகாமிலிருந்து இரண்டாவது முறையாகக் கழிக்கப்பட்டிருந்தான். கிடங்கில் கண்ணாடிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்கள். போனான்.

காசுக்காகப் போனேன் என்று சொல்லியிருந்தால் ஊர் ஒருவேளை விட்டிருக்கும். ஆட ஆசை, அதனால் போனேன் என்றான். அது உலைக்காரர்களின் ஊர், யூனியன் ஊர். அணியின் பெயரே உலைக்குக் கரி அள்ளிப்போடுகிறவர்களின் பெயர்தான். கருங்காலி என்ற சொல் அங்கே தாயைத் திட்டுவதைவிடக் கனமானது. வெர்னின் அப்பா நாற்பது வருடம் கண்ணாடி உலையில் வெந்தவர். அந்த நவம்பரில் நன்றி நாள் விருந்துக்குப் போன மகனுக்கு, வான்கோழிக் கறியும் கிழங்கும் வைத்த தட்டைப் பின்வாசல் படியில் கொண்டுபோய் வைத்தார். வெர்ன் குளிரில் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தான். அடுத்த வருடம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

மூன்று ஆட்டத்திலும் ஸ்டோக்கர்ஸ் வென்றது. மூன்றும் கணக்கில் சேர்ந்தன. அவை இல்லாவிட்டால் அணி அந்த வருடம் இறுதிச் சுற்றுகளின் பக்கமே போயிருக்காது. போனது, கோப்பையும் வாங்கியது. எழுபத்தைந்து வருடத்தில் வாங்கிய ஒரே கோப்பை. வேலைநிறுத்தம் தோற்று உள்ளே திரும்பியவர்கள் கோப்பை வென்றவர்களுக்குத் தருகிற மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்கள். மூன்று வாரத்து ஆட்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. வெற்றி வேண்டும், வென்றவன் வேண்டாம்.

இரண்டாவது ஆட்டத்தில்தான், ஊர் இன்றைக்கும் பேசுகிற அந்தத் தடுப்பு. முடிய நான்கு விநாடி. ஸ்டோக்கர்ஸ் இரண்டு புள்ளி முன்னால். எதிரணி பந்தைத் தரையில் நிறுத்திக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, கதை முடிந்தது. கொட்டுகிற மழை. வெர்ன் வரிசையைப் பிளந்துகொண்டு போய் விழுந்தான். பந்து அவன்மேல் மோதிச் செத்தது.

அதற்கு ஒரு புகைப்படம் உண்டு. சேறு, ஒரு முதுகு, அதில் 54. முகம் இல்லை. அன்றைக்கு மைதானத்தில் நாலாயிரம் பேர்கூட இல்லை. ஊர் முழுக்க ஆட்டத்தைப் புறக்கணித்திருந்தது. கோப்பை வந்த பிறகு, அந்தத் தடுப்பை நேரில் பார்க்காத ஆள் ஊரில் இல்லை என்று ஆகிவிட்டது. ஐம்பத்துநான்கு என்றால் மெர்ல் பிரானிகன். எட்டு வருடம் அந்தச் சட்டையைப் போட்டவன். தேதியை யாரும் பார்க்கவில்லை. அணி விற்கிற வரலாற்றுப் புத்தகத்தில் 'பிரானிகனின் தடுப்பு' என்றே அச்சாகிவிட்டது. வெர்ன் வாய் திறக்கவில்லை. தடுத்தது நான் என்றால், கருங்காலித்தனத்துக்கு இப்போது பெருமை வேறா என்பார்கள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆற்றோரத்திலிருந்த பிரானிகனின் மதுக்கடைக்குப் போனான். கடை இன்னும் திறக்கவில்லை. உள்ளே மீன் பொரிக்கிற எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிரானிகன் முட்டி தேய்ந்த காலை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தான்.

"வாப்பா! என் சட்டைய எடுத்துட்டுப் போனவன் முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பித் தர வந்திருக்கானா?"

"அப்பவே துவைச்சுக் கொடுத்தாச்சே மெர்ல்."

"துவைச்சும் நாத்தம் போகலப்பா. உக்காரு."

வெர்ன் காகிதத்தை நீட்டினான். பிரானிகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய முழுவதும் படித்தான்.

"நான் யூனியன் பிரதிநிதி. தெரியும்ல? வாசல்ல அட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க பஸ்ஸு என் கால்மேல ஏறாத குறை. ஜன்னல்ல உன்னப் பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்ட."

"வெக்கத்துல குனியல. வாந்தி வந்துச்சு."

பிரானிகன் சத்தமாகச் சிரித்தான். சிரித்து முடித்துக் காகிதத்தை மேசையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். "கையெழுத்துப் போட முடியாது வெர்ன். உம்மேல கோவம்லாம் இல்ல. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அப்போதுதான் வெர்ன் நிமிர்ந்து பார்த்தான். பாட்டில்களுக்கு மேலே, விளக்கு போட்ட சட்டத்துக்குள், ஒரு கதவளவு பெரிதாக அந்தப் படம் மாட்டியிருந்தது. அவன் முதுகு. மூலையில் கொழுத்த எழுத்தில் 'மெர்ல் பிரானிகன்' என்று கையெழுத்து. கல்லாவுக்குப் பக்கத்தில் அதே படத்தின் சின்னப் பிரதிகள் அடுக்காக இருந்தன. அடுக்கின்மேல் ஒரு மைப் பேனா, மூடி திறந்தபடி.

"கொள்கை," என்றான் வெர்ன்.

பிரானிகன் திரும்பிப் பார்க்கவில்லை. வெர்ன் எதைப் பார்க்கிறான் என்று அவனுக்குத் தெரியும்.

"மொத தடவ ஒருத்தன் பீர் வாங்கிக் கொடுத்து, அந்தத் தடுப்புக்கு நன்றின்னான். நான் இல்லப்பா, அன்னிக்கு நான் வெளிய நின்னேன்னேன். அடக்கத்தப் பாருடான்னு தட்டிக் கொடுத்துட்டுப் போனான். ரெண்டாவது ஆளுகிட்டயும் சொன்னேன். சத்தியமா சொன்னேன். மூணாவது ஆளுகிட்ட வாயத் திறக்கல. அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ணல நான்."

"கையெழுத்துப் போட்டு விக்கிற."

"விக்கிறேன். எட்டு வருஷம் ஆடினேன் வெர்ன். நூத்திப் பதினாலு ஆட்டம். ஒண்ணையாவது எவனாவது ஞாபகம் வச்சிருக்கானா? நான் ஆடாத ஒரு ஆட்டத்தத்தான் வச்சிருக்கானுங்க."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பிரானிகன் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தான். வரும்போது குரல் மாறியிருந்தது.

"சுவர் திறக்கிற அன்னிக்கு அந்தப் படத்துக்குக் கீழ நின்னு நான் பேசணுமாம். உம்பேரு பலகையில ஏறிச்சுன்னா, எந்த வாரம், எந்த ஆட்டம்னு எவனாவது ஒரு பொடிப்பய தோண்டுவான். அதான் பயம். வேற ஒண்ணும் இல்ல."

"நான் சொல்ல மாட்டேன்."

"யாராவது கேட்டா?"

வெர்ன் படத்தைப் பார்த்தான். அந்த முதுகு தன்னுடையது என்று இதற்குமேல் யாரும் நம்பப்போவதில்லை. பெயரையாவது எடுத்துக்கொண்டு போகலாம்.

"நீதான் தடுத்தன்னு சொல்றேன். போடு கையெழுத்த."

பிரானிகன் போட்டான். படங்களில் போடுகிற அதே கொழுத்த எழுத்து. மை காய ஊதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்:

"ஆமா, எப்படிப்பா உள்ள புகுந்த? முப்பது வருஷமா குதிச்சு வலது கையால தடுத்தேன்னு சொல்லிட்டுத் திரியறேன். உண்மையில என்னதான் ஆச்சு?"

"வலது கையா? படத்தப் பாரு, கை எங்க இருக்கு?"

வெர்ன் எழுந்துவிட்டான். மூன்று முக்காலிகளை இழுத்து வரிசையாக வைத்தான். அந்த மைதானத்தில் கோடையில் பேஸ்பால் ஆடுவார்கள். செப்டம்பரில் பந்துவீசும் மேட்டைச் சீவி மணல் போட்டு மூடுவார்கள். மழை பெய்தால் அந்த இடம் மட்டும் கஞ்சியாகிவிடும். உதைப்பவனுக்குக் காவலாக நின்ற எதிரணியின் இடது தடுப்பாளன் சரியாக அதன்மேல் நின்றான். அவன் வலது கால் புதைவதை வெர்ன் ஒருமுறை முன்பே பார்த்து வைத்திருந்தான்.

"அவன் என்னைத் தள்ளணும்னா அந்தக் கால உருவணும். உருவ அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடிதான் மெர்ல். நான் குதிக்கவே இல்ல. குதிச்சா பந்து கீழ போயிடும், ஈரப் பந்து, மேல ஏறாது. தாழப் போனேன். இப்படி. இந்த முழங்கைல, உள்பக்கம். டப்புன்னு ஒரு சத்தம். பந்துதான்னு நெனச்சேன். எலும்பு."

இடது முன்கையை நீட்டித் திருப்பிக் காட்டினான். பாதிவரைதான் திரும்பியது. பிரானிகன் அந்தக் கையைப் பிடித்து, விரலால் தடவி, முடிச்சுப் போட்டதுபோல் எலும்பு கூடியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அம்மாடி," என்றான். உண்மையாகத்தான் சொன்னான். பொரித்த பெர்ச் மீன் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தான். வெர்ன் இரண்டு பீர் குடித்தான். கட்டுப் போட்ட கையோடு ஆடிய மூன்றாவது வாரத்து ஆட்டத்தையும் சொன்னான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன் சுவரைத் திறந்தார்கள். சிவப்பும் கறுப்புமாகச் சட்டை போட்ட கூட்டம் வாசலை அடைத்து நின்றது. ஐம்பத்துநான்காம் பலகை மார்பு உயரத்தில் இருந்தது. நாலாவது பெயர்: வெர்னன் ஹுடாக், 1987, மூன்று ஆட்டங்கள். வெர்ன் அதை ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படிக்கத் தலையைச் சாய்த்தபோது, யூனியன் மேலங்கி போட்ட கிழவர் ஒருவர் அவனை இடித்துக்கொண்டு வந்து விரல் வைத்துப் படித்தார்.

"ஹுடாக்கா? மூணு ஆட்டம். ஓ, அந்த மூணு வாரத்துப் பயலா." விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நல்ல ஆறு பேருக்கு நடுவுல இவன வேற செருகியிருக்கானுங்க."

டோரீன் வாயைத் திறந்தாள். வெர்ன் அவள் கையை அழுத்தினான்.

மேடையில் பிரானிகன் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தான். தலைக்கு மேலே அந்தப் படம். குதித்ததைப் பற்றி இப்போது அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேஸ்பால் மேட்டைச் சொன்னான், கஞ்சியான மணலைச் சொன்னான், புதைந்த காலையும் அரை விநாடியையும் சொன்னான். தாழப் போனேன் என்று குனிந்து காட்டினான். முழங்கையின் உள்பக்கத்தைத் தட்டிக் காட்டி, டப்பென்று ஒரு சத்தம், பந்து என்று நினைத்தேன் என்று நிறுத்தினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எலும்பு என்றதும் வாசல் அதிர்ந்தது. யாரோ அழுதார்கள்கூட. யூனியன் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

டோரீன் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். வெர்ன் கைதட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் பார்க்க அவர்கள் இருக்கவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் டோரீன் கேட்டாள்.

"கால் புதைஞ்சத அவன்கிட்ட நீதானே சொன்ன?"

"ஆமா."

"பேரு போதும்னுட்டுப் போனவன், மிச்சத்தையும் ஏன் தூக்கிக் கொடுத்துட்டு வந்த? கேனையா நீ?"

"கேட்டான்."

"கேட்டா கொடுத்துருவியா?"

வெர்ன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. கூச்சல் வண்டிக்குள்ளேயும் வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷத்துல எப்படிப் பண்ணேன்னு கேட்ட ஒரே ஆளு அவன்தான் டோரீன்."

நான் கேட்கலியா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஊர்க்காரர்கள் கல்லெறிந்து உடைத்த ஜன்னலை அவனோடு சேர்ந்து பெருக்கியிருக்கிறாள். அந்த மூன்று வாரத்தை அவனுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதில்லை.

சாவியைத் திருப்பினாள்.