கடைசிச் சொட்டில் நிற்பவர்

முதல் வெடிச்சத்தம் ஆறு முப்பத்தாறுக்குக் கேட்டது. சட்டப்படி வேட்டை தொடங்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. யாரோ பொறுக்க முடியாமல் சுட்டுவிட்டார்கள்.

பிறகு வடக்கே இரண்டு. ஆற்றுக்கு அப்பால் ஒன்று. அதன் பிறகு எல்லாத் திசையிலும். ஏழு மணிக்கு எண்ணுவதை நிறுத்தினேன். மான் வேட்டைப் பருவம் ஒன்பது நாள். ஆனால் வடக்கு விஸ்கான்சினில் பாதித் தோட்டாக்கள் முதல் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும்.

நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. போனவள் என் மனைவி ஐனா. ஒன்பது வயதிலிருந்து அவளுடைய அப்பாவோடு போனாள். கல்யாணமான ஆறு வருடமும் இந்த நாளில் நாலரைக்கே எழுந்து போய்விடுவாள். நான் படுக்கையில் கிடந்து சத்தங்களைக் கேட்பேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் நாற்பது ஏக்கர் காட்டிலிருந்து சத்தம் வந்தால் எழுந்து காப்பி போடுவேன்.

ஏப்ரலில் அவள் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பத்திரண்டு.

அக்டோபரில் நான் கடைக்குப் போய் பதினாறு பலகைகள் வாங்கி வந்தேன். 'வேட்டையாடத் தடை' என்று அச்சடித்தவை. ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லை மரங்களில் அவற்றை அடித்தேன். அந்த நாற்பது ஏக்கரிலிருந்து மட்டும் சத்தம் வரக்கூடாது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. அந்தக் காடு என் மாமனார் ரெய்னோவுடையது. எங்கள் கல்யாணத்துக்கு இந்த வீட்டோடு சேர்த்து மகள் பெயரில் எழுதிக் கொடுத்தார். இப்போது அது என் பெயரில் இருக்கிறது. அறுபது வருடம் அவர் வேட்டையாடிய இடம். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சாலையிலிருந்தே பலகைகள் தெரியும். அவரும் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் டுவேன், தன் வேலியோரம் வந்து உட்காரச் சொல்லி ரெய்னோவைக் கூப்பிட்டிருப்பதாகத் தபால் நிலையத்தில் கேள்விப்பட்டேன்.

ஏழு பன்னிரண்டுக்கு ஒரு வெடி. மிக அருகில், தென்கிழக்கு மூலையில். சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒன்றுதான். நான் காப்பி போட எழுந்து, பாதியில் நின்றேன்.

எட்டு மணிக்கு டுவேனின் வண்டி வந்தது. டுவேன் ஊன்றுகோலோடு முன்னால் வந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். பின்னால் ரெய்னோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நாற்பது வருடம் தான் வாழ்ந்த வீட்டின் கதவைத் தட்டிவிட்டுப் படியிலேயே நின்றார்.

"மாப்ளே, உன் மாமனார் ஒண்ணு கேக்கணுமாம்," என்றார் டுவேன். "நானே கேக்குறேன்னு சொன்னேன். விட மாட்டேங்குறான். சட்டப்படி அவன் வாயாலதான் கேக்கணுமாம்."

ரெய்னோ என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டுவேன் பக்கத்துல இருந்து ஒரு கொம்பு மானைச் சுட்டேன். கொஞ்சம் பின்னால பட்டுருச்சு. வேலியத் தாண்டி உன் நிலத்துக்குள்ள போயிருச்சு. போய்த் தேட அனுமதி வேணும்."

"உள்ள வாங்க ரெய்னோ."

"அனுமதி குடுத்தாச்சுன்னு வாயால சொல்லு."

"குடுத்தாச்சு."

"இன்னொண்ணும் கேளு," என்றார் டுவேன். "கேக்க மாட்டான் பாரு. நான் சொல்றேன் மாப்ளே. இந்த ஆள் கண்ணுக்கு ரத்தமும் ஒண்ணு, காஞ்ச இலையும் ஒண்ணு. தக்காளி பழுத்துச்சான்னு அமுக்கிப் பாத்துத்தான் பறிப்பான். பனி விழுந்திருந்தா சமாளிச்சிருப்பான். இந்த வருஷம் தரையெல்லாம் இலை. எனக்கோ கால் இல்லை."

"வாய மூடு டுவேன்."

"உன் பொண்ணுதானேடா உனக்குக் கண்ணு. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

டுவேன் ஊன்றுகோலைத் தரையில் ஒருமுறை தட்டினார். "சரி, நான் போய் உக்காருறேன். காலைல இருந்து ஒரு வாலைக்கூடப் பாக்கல," என்று போய்விட்டார்.

ஐனா அதைச் சொல்லியிருக்கிறாள். ரெய்னோவுக்குச் சிவப்பும் பழுப்பும் பிரித்துத் தெரியாது. அவர் சுட்ட ஒவ்வொரு மானின் ரத்தத் தடத்தையும் ஒன்பது வயதிலிருந்து அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

"எப்பக் கிளம்பணும்?" என்று கேட்டேன்.

"ஒம்பதுக்கு மேல. இப்பப் போனா எந்திரிச்சு ஓடும். விட்டா ஒரு இடத்துல படுத்துரும்." ஜன்னலைப் பார்த்தார். "மத்தியானம் மழைங்கிறான் ரேடியோவுல. மழை வந்தா தடம் போயிரும். அது எங்கயாவது கெடந்து ரெண்டு நாள் சாகும். சுட்டத அப்படி விட்டுட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."

மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். காப்பி கொடுத்தேன். வடக்கே அடுக்கடுக்காக ஐந்து வெடி.

"கோஸ்கி வீட்டு ஆளுங்க," என்றார். "அஞ்சும் காத்துக்குத்தான்."

ஆற்றுப் பக்கம் கனமாக ஒன்று.

"அது பட்டிருக்கும்."

அவருக்கு எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. ஐனாவும் இப்படித்தான் சொல்வாள்.

"போர்டெல்லாம் நேரா அடிச்சிருக்க," என்றார். "மட்டம் வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"படிச்சவன்ல," என்றார். கேலியா என்று தெரியவில்லை.

அவரோடு இப்படி உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஐனா இறந்த அன்று மருத்துவமனையிலிருந்து நான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நூறு மைல் தூரம். "நான் வர்ற வரைக்கும் இரு" என்றார். சரி என்றேன். மூளை இறந்துவிட்டது, காத்திருப்பதால் எதுவும் மாறாது என்று மருத்துவர் சொன்னார். அந்த இயந்திரம் அவள் மார்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. மூன்று பத்துக்கு, அதை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று ஐம்பதுக்கு ரெய்னோ உள்ளே வந்தார். இயந்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வீட்டுக்கு நான் போகவில்லை.

ஒன்பதேகாலுக்கு எழுந்தார். "ஆரஞ்சு போட்டுக்கோ. இன்னைக்கு எவனுக்கும் கண்ணு தெரியாது. எல்லாமே மானாத்தான் தெரியும்."

வீட்டில் இருந்தது ஐனாவின் ஆரஞ்சு மேற்சட்டை மட்டும். போட்டேன். ஜிப் ஏறவில்லை.

"வலது பாக்கெட்ல பாரு," என்றார்.

பாதி தீர்ந்த டாய்லெட் பேப்பர் சுருள் இருந்தது.

"ரத்தம் பாக்குற இடத்துலல்லாம் ஒரு துண்டு கிழிச்சுப் போடணும். வெள்ளை எனக்குத் தெரியும்."

வேலி மூலையில் என் பலகைக்குக் கீழே முதல் ரத்தத்தைக் கண்டேன். ஓக் இலை ஒன்றின் மேல், பொத்தான் அளவு.

"நொரை இருக்கா?"

"இல்ல. கருஞ்சிவப்பு."

"ஈரல்ல பட்டிருக்கு." முகம் சுருங்கியது. "என் தப்பு. அரை நொடி பொறுத்திருக்கணும்."

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். கடைசியாகப் பார்த்த சொட்டில் அவர் நிற்பார். நான் முன்னால் போய் அடுத்ததைத் தேட வேண்டும். கிடைத்தால் பேப்பர் போட்டுக் கூப்பிட வேண்டும். அது கிடைக்கும்வரை அவர் நகரமாட்டார். நகர்ந்தால் தடம் போய்விடும்.

அப்படியே போனோம். நான் குனிந்து தேடுவேன். அவர் பின்னால் கம்பம் போல நிற்பார். "இங்க," என்பேன். வந்து பேப்பர் துண்டுக்குப் பக்கத்தில் நிற்பார். இரண்டு கஜத்துக்கு ஒரு சொட்டு, பிறகு ஐந்து கஜத்துக்கு ஒன்று. ஓரிடத்தில் கால் மணி நேரம் எதுவும் கிடைக்கவில்லை. முட்டி போட்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அதே இடத்தில், கால்களைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ரெய்னோ, இல்லைன்னு நெனக்கிறேன்."

"இருக்கும். கீழ பாத்தது போதும். இடுப்பு உயரத்துல பாரு. உரசிக்கிட்டுப் போயிருக்கும்."

இளம் பிர் மரத்தின் கிளையில் ஒரு கோடு இருந்தது. அப்போது நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

தடம் சதுப்பை நோக்கி இறங்கியது. காற்று எங்கள் முகத்துக்கு எதிரே வீசியது. ஆல்டர் புதர் தொடங்கும் இடத்தில் ரெய்னோ என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தார்.

"அங்க," என்று முணுமுணுத்தார்.

எனக்குப் பழுப்புப் புல்தான் தெரிந்தது. அவர் என் தலையைக் கையால் திருப்பினார். ஒரு காது அசைந்ததும் முழு மானும் தெரிந்தது. அறுபது கஜம் தள்ளிப் படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. நிறம் தெரியாதவர்தான் அதை முதலில் கண்டார்.

"சுடுங்களேன்."

"குறுக்கே புதர். குண்டு எங்க திரும்பும்னு சொல்ல முடியாது. இன்னொரு தடவ தப்பாச் சுட மாட்டேன். கிட்டப் போனா எந்திரிக்கும்." துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். "நாம இங்க இருக்கறது அதுக்குத் தெரியக்கூடாது. அவ்ளோதான் நம்மால முடிஞ்சது."

உட்கார்ந்தோம். ஈரம் கால்சட்டைக்குள் ஏறியது. கையுறை எடுத்து வரவில்லை. விரல்கள் மரத்துப்போயின. தொலைவில் வெடிகள் குறைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மான் காதைத் திருப்பியது. தலை கொஞ்சம் தாழும், பிறகு நிமிரும்.

"அன்னைக்கு நான் ரெண்டே முக்காலுக்கே வந்துட்டேன்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு. கீழ கார் நிறுத்துற எடத்துல வண்டிலயே உக்காந்திருந்தேன்."

மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிப்ட் வரைக்கும் ஒரு தடவ வந்தேன். பொத்தானை அமுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன். நான் வர்ற வரைக்கும் இருன்னு உங்கிட்ட சொல்லியிருந்தேன்ல. நான் மேல வராத வரைக்கும் நிறுத்த மாட்டீங்கன்னு நெனச்சேன். வண்டில உக்காந்திருந்தா அவ இருப்பான்னு."

மான் தலையை முன்கால் மேல் வைத்தது. மறுபடி தூக்கியது.

"நான் காத்திருக்கல," என்றேன்.

"தெரியும்."

"நீங்க மேல வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

அவர்மேல் கோபம் வந்தது. ஏழு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அவரிடமிருந்து நாற்பது நிமிடத்தைத் திருடிவிட்டதாக நினைத்து நான் குற்றவாளியைப் போலத் திரிந்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட நேரத்தில் அவர் நான்கு மாடி கீழே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் நிலைக்கவில்லை. அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. அவருடைய கைகளைப் பார்த்தேன். மடியிலிருந்த துப்பாக்கியை இரண்டும் இறுகப் பிடித்திருந்தன. குளிராகவும் இருக்கலாம்.

பதினொன்றேகாலுக்கு மானின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கொம்பு ஒரு கிளையில் மாட்டியதால் முழுதாகக் கீழே போகவில்லை.

"மூச்சு இருக்கா?" என்றார். "என் கண்ணு இப்பச் சரியா இல்ல."

பார்த்தேன். வயிறு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.

"இல்ல."

"இன்னும் பத்து நிமிஷம்."

பத்து நிமிடம் இருந்தோம். பிறகு போனோம். கொம்பில் எட்டு முனை. கண் திறந்திருந்தது. ரெய்னோ ஒரு புல்லால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமைக்கவில்லை. வேட்டை உரிமச் சீட்டை எடுத்துத் தேதியும் நேரமும் எழுதினார். மழை இன்னும் வரவில்லை.

"பின்னங்காலப் பிடி. அகலமா."

பிடித்தேன். அவர் கத்தியால் வயிற்றைக் கீழிருந்து மேலே திறந்தார். ஆவி எழுந்தது. குடலை உருட்டி வெளியே தள்ளினார். ஈரலைத் தூக்கிக் காட்டினார். நடுவில் கிழிந்திருந்தது. இலைமேல் வைத்தார்.

என் கைகளைக் கவனித்தார் போலிருக்கிறது. "நீலமாயிருச்சு பாரு. உள்ள வை."

"என்ன?"

"மானோட நெஞ்சுக்குள்ள. கொஞ்ச நேரம் சூடு இருக்கும். எல்லாரும் செய்யறதுதான்."

மண்டியிட்டு இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே வைத்தேன். சூடாக இருந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக. முதலில் விரல்கள் வலித்தன, பிறகு உணர்வு வந்தது. அன்று இயந்திரம் நின்ற பிறகு அவள் கையைப் பிடித்திருந்தேன். நர்ஸ் வந்து நேரம் குறித்தபோது விட்டுவிட்டேன். அப்போதும் அது இப்படித்தான் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறும்வரை பிடித்திருந்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நிறுத்த முடியவில்லை.

ரெய்னோ கத்தியைப் புல்லில் துடைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் மழைத்துளிகள் இலைகளில் விழத் தொடங்கின. மானை இழுத்துப் போக வெகுதூரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.