காயாத தரை

இருபது வருடம் கழித்து வரவேண்டிய நோயாளிகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கே சுகாதாரத் திட்ட அலுவலகத்துக்கு வந்து வராந்தா பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தோரு பேர். யாரைப் பார்க்க வேண்டும் என்று பியூன் கேட்டதற்கு, "கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க" என்றார்கள். முதல் வாரம் அலுவலகமே பதறியது. மூன்றாவது வாரம் அவர்கள் காலைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

காரணம் ரவுண்டு சார். ஆள் என்னவோ ஒல்லிதான். அந்த வட்டாரத்தின் இருபதாண்டு மருத்துவமனைத் திட்டத்தைப் போடுகிறவர் அவர். கணக்கில் ஓர் ஊருக்கு இரண்டேகால் பிரசவப் படுக்கை வந்தால், கால் படுக்கையில் யார் படுப்பது என்று கேட்டு இரண்டு என ரவுண்டாக எழுதிவிடுவார். அப்படி நாற்பத்தோரு ஊர்களில் அவர் வெட்டிவிட்ட மிச்சம்தான் வந்து உட்கார்ந்திருந்தது.

ஏறெடுத்தும் பார்க்காமல் போய்வந்தவர், ஒருநாள் கடைசி பெஞ்சில் இருந்த கர்ப்பிணியின் இடது புருவத்தில் மூன்று தையல் தழும்பைப் பார்த்தார். அவருடைய ஒன்பது வயது மகள் போன மாதம்தான் சைக்கிளிலிருந்து விழுந்து அதே இடத்தில் மூன்று தையல் போட்டிருந்தாள். அவர் பெஞ்சருகே போனார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்றாள் அவள். "வலி வந்துருச்சு."

மொத்தப் படுக்கை அறுநூறைத் தாண்டக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் கையிலிருந்த டோக்கனில் எழுதியிருந்த ஊருக்கு ஒன்றைக் கூட்டி, பக்கத்து ஊரில் ஒன்றைக் குறைத்தார். வெளியே வந்தபோது மகள் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அந்த இடத்தில் பக்கத்து ஊர் டோக்கனோடு வேறொரு நிறைமாதக்காரி உட்கார்ந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து அவள் காலடியில் தரை நனைந்திருந்தது. அவர் உள்ளே திரும்பிக் கோப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி டோக்கனில் இருந்த அந்த ஊருக்கே போனாள். வராந்தாவில் இருந்தவர்கள் அவரவர் நாள் வந்ததும் ஒவ்வொருவராய் எழுந்து போனார்கள். எங்கே என்று யாரும் விசாரிக்கவில்லை. ரவுண்டு சார் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தபோது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருந்த கடைசிப் படுக்கை அவளுக்குக் கிடைத்ததாக மருமகன் போனில் சொன்னார்.

மறுநாள் கடைசி பெஞ்சில் அந்த நிறைமாதக்காரி இல்லை. தரை மட்டும் நனைந்திருந்தது. துப்புரவு செய்கிற அம்மா மூன்று தடவை துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது காயாது சார். சுத்திப் போங்க."

அன்றிலிருந்து அங்கே எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறார்கள். புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பியூன் முதல் நாளே சொல்லிவிடுவார். ரவுண்டு சாரும், மாலையும் கழுத்துமாகக் கடைசியாய்ப் புறப்பட்ட அன்றுகூட, சுற்றித்தான் போனார்.