தபால் நிலையத்துக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே ஓர் ஆறு

ஆறே இல்லாத அந்த ஊரின் கடைத்தெருவில், தபால் நிலையத்துக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே, விற்பனைக்கு வந்த ஒரு பழைய ஜீப் பதினோரு முறை ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தது. பன்னிரண்டாவது முறை நடு ஆற்றில் நின்றுவிட்டது. அன்று வெயில் நன்றாகவே அடித்தது, தார்ச்சாலை காய்ந்து கிடந்தது, ரொட்டிக்கடையில் பன் வழக்கமான நேரத்துக்கே தீர்ந்தது.

ஜீப்பின் சொந்தக்காரர் ஒரு மெக்கானிக். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை எப்போதோ தொலைத்துவிட்டு 'ஒரிஜினல்' என்றே கூப்பிட்டது. மாற்றுச் சாமான் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. வண்டி பிறந்தபோது எந்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ, சாகும்வரை அது அந்தப் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். பல் போனால் பொக்கைவாயோடு இரு, பொய்ப்பல் கட்டாதே என்பது அவர் கட்சி. நில அளவைத் துறை கைவிட்டுப் போன அந்த ஜீப்பை அவர் மர அறுவை மில்லின் பின்னால் கண்டெடுத்தபோது இன்ஜினுக்குள் குளவிக்கூடு இருந்தது, சீட்டுக்கு நடுவே ஆளுயர ஆமணக்குச் செடி நின்றது. இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த மனைவி, "செடிய மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததத் தூக்கிப் போடுங்க" என்றாள். அவர் செடியைத் தூக்கிப் போட்டார். அதற்கப்புறம் ஏழு வருடம் போனது. அதில் கார்புரேட்டருக்கு மட்டும் இரண்டு வருடம்.

வண்டிக்கு அடியில், சேஸிஸின் இடுக்குகளில், இரண்டு பிஸ்கட் டின் கொள்ளும் அளவுக்கு, துறை எந்தக் காலத்திலோ கடந்த ஏதோ ஓர் ஆற்றின் மண் இறுகிக் கிடந்தது. வேறொருவராக இருந்தால் குழாயைத் திறந்து பீய்ச்சி அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஒரிஜினல் அதைக் கரண்டியால் சுரண்டினார், சலித்தார், இடுக்குவாரியாகப் பிரித்துத் தாளில் பொட்டலம் கட்டினார். துரு எடுத்து வர்ணம் பூசி முடித்த பிறகு தண்ணீர் விட்டுக் குழைத்து, எந்த மண் எங்கே இருந்ததோ அங்கேயே அப்பினார். வாங்க வருபவன் குனிந்து பார்த்து, இதன் மண் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதாகத் தகவல் இல்லை. நடந்த அத்தனைக்கும் அந்த மண்தான் காரணம் என்று பிற்பாடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். ஜீப்புக்குக் கித்தான் கூரை தைத்துக் கொடுத்ததும் அவள்தான், பத்தொன்பது நாள் உட்கார்ந்து. தைத்து முடித்த அன்று ஒரிஜினல் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தார். மக்கிப்போன பழைய கூரையில் ஓர் அங்குலத்துக்கு ஆறு தையல். இவள் போட்டிருந்தது எட்டு. நெருக்கமாகத் தைத்தால் தண்ணீர் இறங்காது என்று அவள் சொன்னாள். மத்தியானம் அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், அவளுடைய கத்தரிக்கோலாலேயே முழுக் கூரையையும் பிரித்துப் போட்டார். திரும்பி வந்து பார்த்தவள் நூல் குப்பையைக் கூட்டி அள்ளினாள், கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

பேசுவதை நிறுத்தினாளே தவிர, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதில்லை. எல்லாவற்றையும் ஜீப்பிடம் சொன்னாள். முன்னறைக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அந்த ஜன்னல் பக்கம் திரும்பி, "ஜீப்பே, சாப்பாடு ஆறுது" என்பாள். ஒரிஜினல் கை கழுவப் போவார். "ஜீப்பே, உன் அடியில படுத்திருக்கிற ஆளுக்கு இன்னிக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்னு ஞாபகம் இருக்கான்னு கேளு" என்பாள். அவர் சட்டை மாற்றுவார். மூன்று வருடம் இரண்டு மாதம் அந்தக் குடும்பம் இப்படியே நடந்தது, பெரிதாக ஒரு குறையும் இல்லாமல். அதனால்தான் வண்டி தயாரானதும் ஒரிஜினல் விற்பனைப் பலகை எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். விற்பதற்காகத்தான் அதைச் சரிசெய்தார், விற்கவும் வேண்டும். ஷெட் காலியானால் இரண்டாவது மெஷின் போடலாம் என்று அவளே ஜீப்பிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். ஆனால் ஜீப் போய்விட்டால் அவள் யாரிடம் பேசுவாள்? இந்தப் பக்கம் அவரிடம் பேசலாம், அந்தப் பக்கம் யாரிடமும் பேசாமலே இருந்துவிடலாம். இவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவருக்குத் தெரியவில்லை.

'விற்பனைக்கு. எல்லாம் ஒரிஜினல். கூரை இல்லை' என்று பலகை எழுதி வாசலில் மாட்டினார். முதலில் வந்தவர் நிலத் தரகர். நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பெரிய கியருக்குப் பக்கத்தில் குட்டையாக ஒரு கியர் இருக்கும். அதைத் தள்ளினால் நாலு சக்கரத்துக்கும் பலம் போகும். கடைத்தெருவில் தபால் நிலையத்தைத் தாண்டியதும் ஒரிஜினல் குட்டைக் கியரைத் தள்ளினார். முன்னால் ஆறு இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், கூழாங்கல், அக்கரையில் நாணல். ஜீப் இறங்கி ஏறியது. ரொட்டிக்கடை வாசலில் கியரைத் திரும்ப இழுத்தபோது பழைய சாலைதான். தரகரின் செருப்பில் மட்டும் மணல். அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆறு யார் பேர்ல இருக்கு? பத்திரம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும், வில்லங்கம் உள்ள சொத்து வேண்டாம் என்று போய்விட்டார்.

வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஆறு தெரியவில்லை. காய்ந்த சாலையில் ஒரு ஜீப் ஆட்களோடு ஆடி ஆடி நடை வேகத்தில் போவதும், ரொட்டிக்கடை முன்னால் சொட்டச் சொட்ட நிற்பதும்தான் தெரிந்தது. போக்குவரத்துக் காவலர் முதல் தடவை விசில் அடித்தார். இரண்டாவது தடவை, ஆறு கடக்கிறதுக்கு லைசென்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது தடவையிலிருந்து அவரே கையைக் காட்டி பஸ்களை நிறுத்தி வழிவிட்டார். தண்ணீர் கூடிக்கொண்டு போனதால் ஒரிஜினல் ஒரு முறைமை வைத்துக்கொண்டார். தபால் நிலையத்தின் முன் வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவார். பெல்ட் இருந்தால் ஃபேன் சுற்றும், ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் கொட்டும், அது நனைந்தால் தீப்பொறி போச்சு, இன்ஜின் செத்தது. வந்த ஒவ்வொருவருக்கும் இதை ஆதியோடந்தமாகச் சொன்னார். அக்கரையில் பெல்ட்டைத் திரும்ப மாட்டுவார். ஒருமுறை கருவிப் பெட்டியில் ஒரு விரல் நீள மீன் கிடந்தது. அன்றிலிருந்து ரொட்டிக்கடைப் பூனை ஜீப் வரும் சத்தம் கேட்டால் வாசலில் வந்து உட்காரும்.

வந்தவர்கள் யாரும் வாங்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஊருக்குள் வண்டி மூழ்கினால் எந்தப் பாரத்தில் எழுதுவது என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஆற்றில் இழுப்பு போதாது என்றார். ஒவ்வொருவர் போகும்போதும் ஜன்னலிலிருந்து, "ஜீப்பே, இவனும் வேணாம்னுட்டானா? நீயும் உன் முதலாளி மாதிரியே, பாத்துட்டுப் போறதுக்குத்தான் லாயக்கு" என்று குரல் வரும். அதைக் கேட்டதும் ஒரிஜினலுக்கு மனசு லேசாகிவிடும். இன்னும் ஒரு வாரம் பேச்சு உண்டு.

பதினோராவதாக வந்தவர் பல் டாக்டர். அக்கரையில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு எனக்குப் பரவாயில்ல. மேல கூரைதான் இல்ல. கிளினிக் போய்ச் சேரும்போது சட்டை நனைஞ்சா நல்லாவா இருக்கும்? கூரை போட்டுக் குடுங்க, எடுத்துக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ஒரிஜினல் முன்னறை வாசற்படியில் வந்து நின்றார். "கூரை வேணுமாம். உன் இஷ்டப்படி தெச்சுக் குடு. எட்டுத் தையல்" என்றார். மெஷின் நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஜீப்பே, உன் முதலாளிக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கான்னு தொட்டுப் பாரு" என்றாள். ஆனால் மறுநாளே கித்தானை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். இந்தத் தடவை பன்னிரண்டு நாளில் முடிந்தது. அவர் அடிக்கோலைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை பரபரத்ததால், அந்தப் பன்னிரண்டு நாளும் அடிக்கோலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்.

கூரை ஓடும்போதுதான் எங்கே படபடக்கிறது என்று தெரியும், தைத்த ஆள் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதனால் பன்னிரண்டாவது ஓட்டத்தில் பல் டாக்டர் முன் சீட்டில், மனைவி பின் சீட்டில், கழுத்தில் அளவு நாடாவோடு. ஏழு வருடமாக அந்த வண்டி அவள் வீட்டில் இருக்கிறது, அவள் ஏறி உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. ஒரிஜினல் சாலையைப் பார்க்கவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவள் கூரையை அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. தபால் நிலையம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கை பழக்கத்தில் குட்டைக் கியரைத் தள்ளியது.

மேலே எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் செம்மண் கலங்கலாக, தொடை அளவுக்கு வந்தது. முதல் அலை கூரையில் அறைந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை, பல் டாக்டர் தலையை ஆட்டிப் பாராட்டினார். அடுத்த நிமிஷம் இன்ஜின் இரண்டு தடவை தும்மி அடங்கியது. பல் டாக்டர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் தரைப்பலகைக்கு மேலே ஏறியது, வண்டி லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரிஜினல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தண்ணீரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து, "ஜீப்பே" என்று குரல் வந்தது, வந்து பாதியில் நின்றது. இன்ஜின் செத்த வண்டியிடம் பேசுவதற்கு அவள் ஒன்றும் பைத்தியம் அல்ல.

"ஏங்க, பெல்ட்டைக் கழட்டுனீங்களா?"

ஒரிஜினல் திரும்பினார். "என்னையா கேக்கற?"

"பின்ன, பல் டாக்டரையா கேக்கறேன்? வர்றவன் போறவனுக்கெல்லாம் பெல்ட்டு பெல்ட்டுன்னு பாடம் எடுத்தீங்களே! என்னத்த முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க, எறங்குங்க!"

அவர் இறங்கினார். கடைத்தெருவில் நின்றவர்கள் பார்த்தது இதுதான்: காய்ந்த சாலையின் நடுவே நிற்கும் ஜீப்பிலிருந்து ஒரிஜினல் இறங்கி, ஸ்பானரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓர் அடிக்கு ஒரு நிமிஷமாக முன்பக்கம் போனார். முகத்தில் சிரிப்பு. காவலர் இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தினார். பல் டாக்டரின் சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். அவர் பானட்டைத் தூக்கிவிட்டு, பக்கத்து மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஓட்டை ஓட்டையாக ஈரத்தை ஒற்றி எடுத்தார். பழக்கதோஷத்தில், "வலிச்சாச் சொல்லுங்க" என்றார். மனைவி, ஒட்டுப்போடத் தேவைப்படும் என்று கொண்டுவந்திருந்த கித்தான் துண்டை, அலை தெறிக்காமல் அவர்களுக்கு மேலே பிடித்து நின்றாள். நிற்கும்போது பேசினாள். மூன்று வருடம் இரண்டு மாதத்தில் ஜீப்பிடம் சொல்லக் கூச்சப்பட்டு மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் நேராக அவரிடமே சொன்னாள், பத்தொன்பது நாள் தைத்ததிலிருந்து ஆரம்பித்து. ஒரிஜினல் பெல்ட்டைக் கழற்றி முடித்த பிறகும், கழற்றுவது போலவே கொஞ்ச நேரம் நின்றார்.

ஜீப் அக்கரை ஏறியது. பல் டாக்டர் அன்றைக்கே பேசி முடித்து ஓட்டிக்கொண்டு போனார். ஷெட்டில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. ஒரிஜினல் அதன் பக்கத்திலேயே நின்று காது கொடுத்தார். முன்னறையில் மெஷின் ஓடியது, பேச்சு இல்லை. காலையிலும் இல்லை. அவர் மெல்ல ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்ததால், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போய் மறைத்தார்.

பல் டாக்டர் தினமும் ஆற்றைக் கடந்துதான் கிளினிக் போகிறார். வேறு வழி இருக்கிறது, ஆனால் அது சுற்று. வெள்ளம் கூடுதலாக வந்தால் திரும்பிவிடுவார். 'ஆற்றில் வெள்ளம். நாளை வரவும்' என்று கிளினிக் வாசலில் பலகை தொங்கும். நோயாளிகள் காய்ந்த சாலையை ஒரு தடவை பார்ப்பார்கள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். யாரும் தகராறு செய்ததில்லை. நகராட்சி போன வருடம் தபால் நிலையத்துக்கு எதிரே ஆழம் காட்டும் கல் ஒன்றை நட்டு, அடிக்கணக்கில் கறுப்பும் வெள்ளையும் பூசிக் கொடுத்தது. ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒரிஜினல் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

"ரெண்டரை அடி."

ஷெட்டில் போட்ட இரண்டாவது மெஷினில் அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள்.

"அப்போ டாக்டருக்குப் போன் போட்டு பெல்ட்டைக் கழட்டச் சொல்லுங்க. உங்களை மாதிரி அந்த ஆளும் எவளையாவது பாத்துக்கிட்டே ஓட்டப் போறாரு."